‘வராதீங்க’ எண்டது ‘வாங்க’ எண்டு கேட்ட காலமை

மூதூரில இருந்து முதல் பஸ்ல வந்த ஒரு ஐயா, எழுபது வயசு கடந்திருக்கும், ரிசப்ஷன் மேசைக்கு முன்னால நிண்டு கொண்டு "நீங்கதானே மகள் நேத்து போன்ல சாப்பிட்டிட்டு வாங்க எண்டு சொன்னீங்க, அதுதான் விடிய எழும்பி இடியப்பம் அவிக்கச் சொல்லிச் சாப்பிட்டிட்டு வெளிக்கிட்டனான்" எண்டு சொல்லியிருக்கிறார். அவருக்கு டொக்டர் எழுதிக் குடுத்தது வெறும் வயித்தில ரத்தம் எடுக்கிற சுகர் டெஸ்ட். ஆகக் குறைஞ்சது 8 மணித்தியாலம் ஒண்டும் சாப்பிடாம இருக்கோணும். ரிசப்ஷன்ல இருக்கிற அக்கா முதல் நாள் பின்னேரம் சொன்னது "சாப்பிட்டிட்டு வராதீங்க ஐயா". ஐயாவின்ர காதில விழுந்தது "சாப்பிட்டிட்டு வ…ங்க ஐயா". நடுவில நிண்ட ‘ராதீ’ எங்கயோ போயிட்டு. அந்த ரெண்டு எழுத்தால மனுசன் அண்டைக்கு ரத்தம் குடுக்காமலே திரும்பவும் கிண்ணியா சுத்தி மூதூருக்குப் பஸ் ஏறினார்.

அக்கா எனக்குக் கோல் எடுத்து இதைச் சொல்லேக்க குரல்ல கோவம் இல்ல, அழுகைக்குக் கிட்ட ஒண்டு இருந்தது. "தம்பி, அவங்க கதைக்கிறது எனக்கு வடிவாக் கேக்குது. நான் கதைக்கிறதுதான் அங்கால விட்டு விட்டுப் போகுதாம். நான் சரியாத்தான் சொன்னனான் தம்பி" எண்டா. எனக்கு உடன என்ன சொல்றது எண்டு தெரியேல்ல. ஏன் எண்டா அந்த இடத்தில போன் எல்லாத்தையும் மாட்டினது நான், போன், கொம்பியூட்டர் எல்லாத்தையும் இணைக்கிற ஸ்விட்ச் எண்ட பெட்டியில ஒவ்வொரு போர்ட்டுக்கும் (வயர் குத்துற ஓட்டை) கொன்பிக், அதாவது அமைப்புக் கட்டளை, அடிச்சதும் நான்.

திருகோணமலை ரவுனுக்குள்ள இருக்கிற ஒரு தனியார் மருத்துவ நிலையம் அது, பேர் வேண்டாம். நான் இஞ்ச உவர்மலையில இருந்து கொண்டு நெட்வேர்க் வேலை செய்றவன், நிலாவெளிப் பக்கம் ஹொட்டலுகள், ரவுனுக்குள்ள ஒபிஸ்கள், கிளினிக்குகள் எண்டு ஓடுறது. இந்த வேலைக்குப் புதுசா வாற பெடியள் என்னட்டக் கேக்கிற முதல் கேள்வி "அண்ணா, போர்ட்டுக்கு வொய்ஸ் வீலான் போட்டாச் சரிதானே?" எண்டுதான் (வீலான் எண்டா ஒரே நெட்வேர்க்கை இலக்கம் குடுத்துத் தனித்தனியாப் பிரிக்கிறது, வொய்ஸ் வீலான் குரலுக்குரிய பிரிவு). நானும் கன காலம் அப்பிடித்தான் நினைச்சன். சரியில்ல எண்டு எனக்குப் படிப்பிச்சது இந்த ஐயாவின்ர இடியப்பம். அதால கொஞ்சம் விரிவா எழுதுறன்.

முதல்ல குரல் எப்பிடிப் போகுது எண்டு பாப்பம். நெட்வேர்க் வயரால ஓடுற ஐபீ போன்ல நாங்க கதைக்கேக்க அது எங்கட குரலைச் சின்னச் சின்னத் துண்டா வெட்டுது. வழமையான ஜீ.711 எண்ட கோடெக்கில (குரலை இலக்கமாக்கிற முறை) ஒரு துண்டு எண்டா 20 மில்லிசெக்கன், அப்ப ஒரு செக்கனுக்கு 50 துண்டு. ஒவ்வொரு துண்டிலயும் குரல் 160 பைட், அதுக்கு மேல விலாசம் எழுதின உறை 40 பைட், பிறகு ஈதர்நெட்டின்ர உறை வேற. எல்லாம் கூட்டினா ஒரு பக்கக் குரலுக்கு 87 கிலோபிட் அளவிலதான் வரும். இது ஒண்டுமே இல்லாத சின்னக் கணக்கு, ஒரு யூடியூப் வீடியோவுக்குப் பக்கத்தில வைச்சுப் பாக்கவே ஏலாது. ஆனா வீடியோவுக்கு நேரம் இருக்கு, கொஞ்சம் முன்கூட்டியே இழுத்து வைச்சிட்டு ஓடும், துண்டு துலைஞ்சாத் திரும்பக் கேட்டு வாங்கும். குரலுக்கு அந்த வசதி கிடையாது. துலைஞ்ச துண்டைத் திரும்பக் கேட்டு எடுத்து வரேக்க கதை அடுத்த வசனத்துக்குப் போயிடும், அதால அது கேக்கிறதே இல்ல, போனது போனதுதான். ஒண்டு ரெண்டு துண்டு போனாப் போன் தானே சமாளிச்சு நிரப்பிடும், எங்களுக்குத் தெரியாது. தொடர்ந்து பதினைஞ்சு இருபது துண்டு போச்செண்டாத்தான் ‘ராதீ’ போகும்.

தமிழுக்கு இது இன்னும் ஆபத்து எண்டு நான் நினைக்கிறன். எங்கட மொழியில ‘இல்ல’, ‘கூடாது’ எண்ட கருத்து முழுக்க வினைச்சொல்லின்ர உள்ளுக்கயும் வாலிலயும்தான் நிக்குது. குடிங்க, குடிக்காதீங்க. வரலாம், வரேலாது. போடுங்க, போடாதீங்க. ஒரு எழுத்து ரெண்டு எழுத்து விழுந்தா வசனம் உடைஞ்சமாதிரியே தெரியாது, முழுசான வசனம்தான் கேக்கும், ஆனா நேர் எதிராக் கேக்கும். கேக்கிறவர் "என்ன சொன்னீங்க?" எண்டு திரும்பக் கேக்கக்கூட மாட்டார், ஏன் எண்டா அவருக்கு விளங்கிட்டு. மருந்து, ஊசி, ஒப்பரேஷன் எண்டு கதைக்கிற இடத்தில இதை நினைச்சா எனக்கு இப்பவும் நெஞ்சு திக்கெண்டும்.

சரி, போர்ட்டுக்கு வருவம்.

மேசையில இருக்கிற ஐபீ போன் வெறும் போன் இல்ல, அதுக்குள்ள மூண்டு கால் உள்ள ஒரு குட்டி ஸ்விட்ச் இருக்கு. ஒரு கால் சுவருக்குப் போற வயர், ஒரு கால் பக்கத்தில இருக்கிற கொம்பியூட்டருக்கு, மற்றக் கால் உள்ளுக்கயே போனுக்கு. அதால ஒரு மேசைக்கு ஒரு வயர் இழுத்தாக் காணும், போனுக்குப் பின்னால கொம்பியூட்டரைக் குத்தலாம். அப்ப ஸ்விட்ச்சின்ர ஒரே போர்ட்டில ரெண்டு சீவன் தொங்குது. ரெண்டையும் பிரிக்கிறதுக்குத்தான் அந்த மூண்டு வரி: "ஸ்விட்ச்போர்ட் மோட் அக்சஸ்", "ஸ்விட்ச்போர்ட் அக்சஸ் வீலான் 10", "ஸ்விட்ச்போர்ட் வொய்ஸ் வீலான் 20". சிஸ்கோவில இப்பிடி, மற்றக் கொம்பனி ஸ்விட்ச்சுகள்ல சொல்லு மாறும், கருத்து ஒண்டுதான். கொம்பியூட்டரின்ர டேட்டா அடையாளம் ஒண்டும் இல்லாம வரும், அதை 10இல போடு. போனின்ர குரல் 20 எண்டு சீட்டு ஒட்டிக் கொண்டு வரும், அதை 20இல போடு. அந்தச் சீட்டுக்குப் பேர்தான் 802.1கியூ. வீலான் இலக்கத்தோட அந்தச் சீட்டில இன்னொரு சின்ன இடமும் இருக்கு, 0இல இருந்து 7 வரைக்கும் ஒரு முன்னுரிமை இலக்கம் எழுத. அதைக் கொஸ் எண்டு சொல்றது, குரலுக்கு வழமையா 5. இந்த 5ஐ மறக்காதீங்க, கதையே இதிலதான் நிக்குது.

ஆனா போனுக்கு எப்பிடித் தெரியும் தான் 20 எண்டு சீட்டு ஒட்டோணும் எண்டு? ஸ்விட்ச்தான் அதுக்குச் சொல்லோணும். சிஸ்கோ போனுக்கு சிஸ்கோ ஸ்விட்ச் சீடீபீ எண்ட தன்ர பாசையில 60 செக்கனுக்கு ஒருக்காச் சொல்லும். வேற கொம்பனிப் போனுக்கு எல்லாருக்கும் பொதுவான எல்எல்டீபீ-மெட், அது 2006இல வந்த தரம், அதில வீலான் இலக்கம் மட்டுமில்ல, கொஸ் என்ன, டீஎஸ்சீபீ (விலாசம் எழுதின உறையில இருக்கிற இன்னொரு முன்னுரிமை இலக்கம், குரலுக்கு 46) என்ன எண்டெல்லாம் சேத்துச் சொல்லலாம். இந்தக் கிளினிக்கில போன்கள் சிஸ்கோ இல்ல. ஸ்விட்ச்சில எல்எல்டீபீ பிறப்பிலேயே நிப்பாட்டி வைச்சிருக்கு, "எல்எல்டீபீ ரன்" எண்டு ஒரு வரி குடுத்தாத்தான் வாய் திறக்கும். நான் முதல் நாள் அதைக் குடுக்க மறந்து போனன்.

அண்டைக்கு நடந்ததைக் கவனமாப் பாருங்க. போன்கள் எல்லாம் லைட் வந்து, நம்பர் காட்டி, கோல் போய் வந்து, எல்லாம் அந்த மாதிரி வேலை செய்தது. ஆனா ஒரு போனுக்குமே 20இன்ர விலாசம் கிடைக்கேல்ல, எல்லாம் கொம்பியூட்டருகளோட சேந்து 10இல போய்க் குந்தியிருந்தது. விலாசம் பங்கிட்டுக் குடுக்கிற டீஎச்சீபீயின்ர பட்டியலைத் தற்செயலாப் பாத்ததாலதான் கண்டன். பாக்காம விட்டிருந்தா யாரும் கேட்டிருக்க மாட்டினம், ஏன் எண்டா ‘போன் வேலை செய்யுது’. அண்டைக்கே நான் பாடம் படிச்சிருக்கோணும், திரையில லைட் எரியிறதும் நம்பர் வாறதும் போர்ட் சரியா இருக்கு எண்டதுக்குச் சாட்சி இல்ல எண்டு. எல்எல்டீபீ வரியைக் குடுத்து, போன்களைத் திருப்பி எழுப்பி, 20இல விலாசம் வந்ததும் சந்தோசமா வீட்ட போயிட்டன்.

இதில புதுப் பெடியளுக்கு ஒரு சின்ன விசயம். போன் எழும்பேக்க முதல்ல 10இல விலாசம் கேட்டிட்டு, பிறகு 20 எண்டு தெரிஞ்சதும் அதை விட்டிட்டுத் திரும்ப 20இல கேக்கிறது உண்டு, பயப்பிடாதீங்க. ஆனா 20இலயும் டீஎச்சீபீ குடுக்க ஆள் இருக்கோணும், கொன்பிக் பைல் எங்க இருக்கு எண்டு சொல்ற ஒப்ஷன் 66ஓ, சிஸ்கோ போன் எண்டா 150ஓ, 20க்குரிய டீஎச்சீபீயிலதான் எழுதோணும், 10இல எழுதிப்போட்டு மணித்தியாலக் கணக்காத் தேடின ஆக்கள் இருக்கினம்.

இப்ப ‘ராதீ’யைத் தேடிப் போவம்.

அந்த இடம் ரெண்டு கட்டிடம். பழைய கட்டிடத்தில சேர்வர், போன் எக்ஸ்சேஞ்ச் பெட்டி, வெளி லைன் எல்லாம். ஒழுங்கைக்கு அங்கால புதுக் கட்டிடத்தில ரிசப்ஷன், டொக்டர்மாரின்ர அறைகள், எக்ஸ்ரே. நடுவில ஒரு பைபர். ரெண்டு பக்கமும் ஸ்விட்ச் ஜிகாபிட், ஆனா பைபரின்ர ரெண்டு நுனியிலயும் இருக்கிறது பழைய மீடியா கன்வர்ட்டர் (பைபரையும் சாதாரண வயரையும் இணைக்கிற குட்டிப் பெட்டி), அது செக்கனுக்கு 100 மெகாபிட்டுக்கு (எம்பி) மேல போகாது. நான் வேலையைக் குடுத்த நேரம் எக்ஸ்ரே பிலிம்ல. மூண்டு மாதத்துக்குப் பிறகு டிஜிட்டல் மிசின் வந்திருக்கு, எனக்கு ஒருத்தரும் சொல்லேல்ல, சொல்லோணும் எண்டு அவங்களுக்கு எப்பிடித் தெரியும். டிஜிட்டல் எக்ஸ்ரே ஒரு படம் எண்டா பத்து இருபது மெகாபைட் சாதாரணமா வரும். படம் எடுத்த உடன அது பழைய கட்டிடத்துச் சேர்வருக்கு ஒரே பாய்ச்சலாப் பாயும்.

இதை நான் கண்டுபிடிக்கேல்ல, அக்காதான் கண்டுபிடிச்சா. நான் போய் போனை மாத்தி, வயரை மாத்தி, போர்ட்டை மாத்தி ஒரு பின்னேரத்தை வீணாக்கிக் கொண்டிருக்கேக்க அவ தேத்தண்ணி கொண்டு வந்து வைச்சிட்டுச் சொன்னா: "தம்பி, அந்த எக்ஸ்ரேக் கதவுக்கு மேல சிவப்பு லைட் எரிஞ்சு அணையும்தானே, அது அணைஞ்சு கொஞ்ச நேரத்திலதான் எனக்கு ஆக்கள் ‘ஹலோ ஹலோ’ எண்டுவினம்". எனக்கு உடம்பு சிலிர்த்திட்டு. ஒரு பக்கம் மட்டும் உடையிறதுக்கும் விடை அதிலயே இருந்தது. படம் போறது புதுக் கட்டிடத்தில இருந்து பழையதுக்கு, அக்காவின்ர குரல் வெளி லைனுக்குப் போறதும் அதே திசை. வெளியால வாற குரல் எதிர்த்திசை, அது காலியா இருந்தது, அதால அவவுக்கு வடிவாக் கேட்டது.

சரி, ஒரு செக்கன் ரெண்டு செக்கன் பைபர் நிரம்பினா என்ன, குரலுக்கு முன்னுரிமை குடுத்திருந்தா அது முன்னால போயிருக்கும்தானே? நான் குடுத்திருந்தன் எண்டுதான் நினைச்சன். வேற ஒரு இடத்தில இருந்த கொன்பிக்கில இருந்து "எம்எல்எஸ் கியூஓஎஸ்" எண்ட வரியைக் கொப்பி பண்ணி இஞ்ச போட்டிருந்தன், கியூஓஎஸ் (முன்னுரிமை பாத்து விடுற வசதி) ஓன் ஆயிட்டு, குரலுக்கு நல்லது எண்டு. அந்த ஒரு வரிதான் ‘ராதீ’யைத் திண்டது.

கிண்ணியாப் பாலம் வர முன்னம் அங்க பாதையில (வண்டிகளை ஏத்திக் கொண்டு தண்ணியைக் கடக்கிற மிதவை) கடந்த ஆக்களுக்கு இது உடன விளங்கும். 2009இலதான் பாலம் திறந்தது, 396 மீற்றர், அப்ப இலங்கையிலேயே நீளமான பாலம் அதுதான். அதுக்கு முதல் லொறி, பஸ், மீன் வான், சைக்கிள் எல்லாம் துறையில வரிசையா நிண்டு பாதை வரும் வரைக்கும் காவல். அம்புலன்ஸ் வந்தா எல்லாரும் ஒதுங்கி முன்னால விடுவம். இப்ப நினைச்சுப் பாருங்க, துறை வாசலில ஒரு ஆள் நிண்டு கொண்டு வாற ஒவ்வொரு வண்டியின்ர அடையாளத்தையும் அழிச்சு விடுறார், அம்புலன்ஸின்ர சிவப்பு லைட்டையும் கழட்டி வைச்சிட்டுத்தான் உள்ள விடுறார். உள்ள வந்தா அது வெறும் வெள்ளை வான், லொறிக்குப் பின்னால நிக்கோணும். அதோட துறையில நாலு வரிசைக்கு இடம் பிரிச்சு விட்டிருக்கு, ஆனா அடையாளம் இல்லாத வண்டி எல்லாம் ஒரே வரிசையிலதான் நிக்கலாம் எண்டு சட்டம், மற்ற மூண்டு வரிசையும் வெறும் நிலம். அந்த ஒரு வரிசை நிரம்பினதும் பின்னால வாறதைத் திருப்பி அனுப்பிறார்.

சிஸ்கோவின்ர பழைய கட்டலிஸ்ட் 2960 மாதிரி ஸ்விட்ச்சில "எம்எல்எஸ் கியூஓஎஸ்" மட்டும் போட்டு விட்டா நடக்கிறது அச்சொட்டா இதுதான். கியூஓஎஸ் ஓன் ஆன உடன ஒவ்வொரு போர்ட்டும் ‘நம்பாத’ நிலைக்குப் போகும், போன் கஸ்டப்பட்டு ஒட்டிக் கொண்டு வந்த கொஸ் 5ஐயும் டீஎஸ்சீபீ 46ஐயும் வாசலிலேயே அழிச்சு 0 ஆக்கும். வெளிய போற போர்ட்டில பஃபர் (துண்டுகள் காத்து நிக்கிற இடம்) நாலு வரிசைக்கும் கால்வாசி கால்வாசியாப் பிரிஞ்சிடும், 0 எண்டு வந்த அவ்வளவும் ஒரே வரிசையில. கியூஓஎஸ் போடாமலே விட்டிருந்தா ஸ்விட்ச் ஒண்டையும் அழிச்சிருக்காது, பஃபரும் முழுசாப் பொதுவா இருந்திருக்கும், இதை விட நல்லா இருந்திருக்கும். அரைகுறையாப் போடுறது போடாமல் விடுறதை விட மோசம் எண்டதுக்கு நெட்வேர்க் வேலையில இதை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. புது கட்டலிஸ்ட் 9000 வகைகள் பிறப்பிலேயே நம்பும், அடையாளத்தை அழிக்காது, அதால புதுசில பழகினவை பழைய ஸ்விட்ச்சில கை வைக்கேக்க கட்டாயம் இதை ஞாபகம் வைச்சிருங்க, எங்கட ஊர்ப் பக்கம் இன்னும் பழையதுகள்தான் கன இடத்தில ஓடுது.

இதை எப்பிடி உறுதிப்படுத்தினன் எண்டா, "ஷோ எம்எல்எஸ் கியூஓஎஸ் இன்டர்பேஸ்" எண்டு ரிசப்ஷன் போர்ட்டுக்கு அடிச்சா நம்பாத நிலை எண்டு நேராவே காட்டும். அதோட கடைசியில "ஸ்டாட்டிஸ்டிக்ஸ்" சேத்து அடிச்சா, உள்ள வந்த டீஎஸ்சீபீ ஒவ்வொண்டும் எத்தனை, வெளிய போனது எத்தனை, எந்த வரிசையில எத்தனை விழுந்தது எண்டு பெரிய பட்டியல் வரும். அக்காவைக் கதைக்கச் சொல்லிப் போட்டுப் பாத்தன். ரிசப்ஷன் போர்ட்டில உள்ள வாற 46 கிடுகிடெண்டு ஏறுது. பைபர் போர்ட்டில வெளிய போற 46 பூச்சியம். எக்ஸ்ரே ஒண்டு போச்சு, ஒரு வரிசையில மட்டும் விழுந்த கணக்கு எகிறிச்சு. அந்த எண்ணிக்கையைப் பாத்துக் கொண்டு இருந்தன், ஒவ்வொண்டும் யாரோ ஒராளின்ர ஒரு எழுத்தின்ர ஒரு பகுதி.

திருத்தின வேலை அண்டைக்கு ராத்திரி, ஆக்கள் எல்லாம் போன பிறகு. வெளிய ஒழுங்கையில வழமை போல மான் கூட்டம் வந்து நிண்டது, எங்கட ரவுனில அது புதினமில்ல. போன் இருக்கிற போர்ட்டுக்கு எல்லாம் "எம்எல்எஸ் கியூஓஎஸ் ட்ரஸ்ட் கொஸ்". இதை நான் டீஎஸ்சீபீயை நம்பச் சொல்லாம கொஸ்ஸை நம்பச் சொன்னதுக்குக் காரணம் இருக்கு. போனுக்குப் பின்னால இருக்கிற கொம்பியூட்டர் சீட்டில்லாம வருது, சீட்டில்லாட்டிக் கொஸ்ஸும் இல்ல, ஸ்விட்ச் அதை 0 எண்டு எடுக்கும், அப்ப கொம்பியூட்டரில ஓடுற ஒரு புரோகிராம் நானும் அம்புலன்ஸ்தான் எண்டு பொய் சொல்லேலாது. சிஸ்கோ போன் எண்டா "ட்ரஸ்ட் டிவைஸ் சிஸ்கோ-போன்" எண்டும் சேத்துப் போடலாம், போன் இருந்தா மட்டும் நம்பும், கழட்டினா நம்பாது, மற்றக் கொம்பனிப் போனுக்கு அது சரிவராது. சில போன்களின்ர செட்டிங்கில இந்த முன்னுரிமை இலக்கம் 0 எண்டே இருக்கும், அங்கயும் போய் 5 எண்டு இருக்கா எண்டு பாக்கோணும், இல்லாட்டி 0ஐ நம்பி என்ன பிரயோசனம்.

பிறகு இன்னொரு பொறி. கொஸ்ஸை நம்பச் சொன்னா ஸ்விட்ச் அதை வைச்சு டீஎஸ்சீபீயைத் திரும்ப எழுதும், எழுதிற அட்டவணையில 5க்கு நேரா இருக்கிறது 40, 46 இல்ல. இந்த ஸ்விட்ச்சுக்குள்ள 40உம் முதல் வரிசைக்குத்தான் போகும், அதால எல்லாம் சரி மாதிரித் தெரியும், ஆனா அங்கால இருக்கிற ரவுட்டருக்கு, பயர்வோலுக்கு, எல்லாருக்கும் குரல் எண்டா 46 எண்டுதான் பழக்கம், 40ஐக் கண்டா ஆரெண்டே தெரியாது. அதால "எம்எல்எஸ் கியூஓஎஸ் மெப் கொஸ்-டீஎஸ்சீபீ 0 8 16 24 32 46 48 56" எண்டு அட்டவணையை மாத்தினன். பைபர் பக்கப் போர்ட்டுக்கு ரெண்டு ஸ்விட்ச்சிலயும் "ட்ரஸ்ட் டீஎஸ்சீபீ", அதோட "ப்ரயொரிட்டி-கியூ அவுட்", முதல் வரிசையில ஆள் நிண்டா அவரைத்தான் முதல்ல விடோணும் எண்டு. கன்வர்ட்டர் 100 எம்பிதான் எண்டதால அதில போய் முட்டுற போர்ட்டும் 100இலதான் ஓடுது, அதால வரிசை ஸ்விட்ச்சுக்குள்ளயே நிக்குது, முன்னுரிமை வேலை செய்யுது.

"கன்வர்ட்டரை ஜிகாபிட்டுக்கு மாத்தினா இதெல்லாம் தேவையில்லையே அண்ணா" எண்டு ஒரு தம்பி கேட்டவன். மாத்தத்தான் வேணும், மாத்தச் சொல்லிக் குடுத்தும் இருக்கிறன். ஆனா இண்டைக்கு எக்ஸ்ரே, நாளைக்கு சீசீடீவி, அதுக்குப் பிறகு இன்னொண்டு, வழியை எவ்வளவு அகலமாக்கினாலும் ஒரு கண நேரத்துக்காவது நிரப்பிற சாமான் ஒண்டு வரும். குரலுக்கு அந்தக் கண நேரம்தான் பிரச்சினை.

போர்ட்டைப் பற்றி மிச்சம் சொல்ல வேண்டியதுகளையும் கெதியாச் சொல்லிடுறன்.

முதல்ல ஒரு பிழை: போனின்ர ரெண்டு காலையும் சுவரில இருக்கிற ரெண்டு ஓட்டையிலயும் குத்தி விடுறது. மேசையை இடம் மாத்தேக்க, கூட்டித் துடைக்கேக்க, தொங்கிற வயரைக் கண்டவர் நல்லெண்ணத்திலதான் குத்துறார், அவரைக் குறை சொல்லாதீங்க. ஆனா போனுக்குள்ள இருக்கிறது ஸ்விட்ச் எண்டதால நெட்வேர்க் தன்ர வாலைத் தானே கடிச்சுச் சுத்தத் தொடங்கும், கட்டிடம் முழுக்க விழும். போன் போர்ட் ஒவ்வொண்டிலயும் "பீபீடீயூ கார்ட்" கட்டாயம். அப்பிடிக் குத்தினா அந்தப் போர்ட் மட்டும் தன்னைப் பூட்டிக் கொள்ளும், மற்ற ஆக்கள் தப்பிடுவினம். அதோட போர்ட்ஃபாஸ்ட்டும் வேணும், இல்லாட்டி போனுக்கு வயரைக் குத்தினதும் ஸ்விட்ச் 15 செக்கன் கேட்டு, 15 செக்கன் படிச்சு, அரை நிமிசம் கழிச்சுத்தான் கதவைத் திறக்கும். சிஸ்கோவில வொய்ஸ் வீலான் போட்டா போர்ட்ஃபாஸ்ட் தானே வந்திடும், வேற ஸ்விட்ச் எண்டா நீங்கதான் பாக்கோணும்.

ஒரு போர்ட்டில எத்தனை சாமான் வரலாம் எண்டு கட்டுப்படுத்திற போர்ட் செக்கியூரிட்டி போடுற இடத்தில ஆகக் கூடினது ஒரு மெக் விலாசம் (ஒவ்வொரு சாமானுக்கும் உரிய அடையாள இலக்கம்) எண்டு விட்டிட்டுப் போகாதீங்க. போனுக்கு ஒண்டு, கொம்பியூட்டருக்கு ஒண்டு, போனின்ர விலாசமே ரெண்டு வீலான்லயும் தெரியிறதும் உண்டு, அதால நான் 3 எண்டுதான் போடுறனான்.

கரண்ட் கதை ஒண்டு இருக்கு, அதைச் சொல்லாம விடேலாது. இந்தப் போன்களுக்குத் தனி அடப்ரர் இல்ல, ஸ்விட்ச்சே நெட்வேர்க் வயருக்குள்ளால கரண்ட் குடுக்குது. 802.3ஏஎஃப் எண்ட தரத்தில ஒரு போர்ட்டுக்கு ஆகக் கூடினது 15.4 வாட். 24 போர்ட் எண்டா முழுசாக் குடுக்க 370 வாட் வேணும், ஆனா 24 போர்ட் இருக்கிற எல்லா ஸ்விட்ச்சிலயும் அவ்வளவு இருக்காது, வாங்க முன்னம் அந்த மொத்தக் கணக்கைப் பாருங்க, பெட்டியில எழுதின போர்ட் எண்ணிக்கையைப் பாத்து ஏமாறாதீங்க. 2022இல மார்ச் கடைசியில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் கட் பண்ணின நேரம் ஞாபகம் இருக்கும்தானே. அப்ப நான் பாத்துக் கொண்டிருந்த வேற ஒரு இடத்தில ஸ்விட்ச்சை யூபீஎஸ்ல போட்டாச்சு, போன்கள் எல்லாம் லைட் எரிஞ்சு கொண்டு நிக்குது, ஆனா கோல் போகேல்ல. தேடித் தேடிப் பாத்தா மீடியா கன்வர்ட்டரின்ர குட்டி அடப்ரர் சாதாரணச் சுவர் பிளக்கில. ஒரு கைப்பிடி அளவு சாமான், அது அணைஞ்சா ரெண்டு கட்டிடத்துக்கும் நடுவில ஒண்டுமே இல்ல. அண்டையில இருந்து யூபீஎஸ் கணக்குப் பாக்கேக்க வயர் போற வழியெல்லாம் நடந்து போய்ப் பாக்கிறனான்.

கடலுக்குக் கிட்ட இருக்கிற இடங்களில, உப்புவெளி நிலாவெளிப் பக்கம் கூடவா, உப்புக் காத்தில நெட்வேர்க் வயரின்ர ஆர்ஜே45 முனையில இருக்கிற கம்பிகள் பச்சை பிடிச்சுப் போகும். கொன்பிக் எல்லாம் சரியா இருந்தும் குரல் கரகரத்தா போர்ட்டின்ர சீஆர்சீ பிழைக் கணக்கை (பழுதாகி வந்த துண்டுகளின்ர எண்ணிக்கை) பாருங்க, ஏறிக் கொண்டு இருந்தா கொன்பிக்கைக் கிண்டாதீங்க, முனையை வெட்டிப் புதுசு அடியுங்க.

அண்டைக்கு ராத்திரி வேலை முடிச்சிட்டு உடன சரி எண்டு சொல்ல எனக்கு மனம் வரேல்ல. அடுத்த நாள் விடிய கிளினிக் திறக்க முதல் அக்காவை வரச் சொன்னன். எக்ஸ்ரே அறைக் கொம்பியூட்டரில இருந்து சேர்வருக்குப் பெரிய பைல் ஒண்டை நிப்பாட்டாம கொப்பி பண்ண விட்டிட்டு, நான் என்ர மொபைலோட கடற்கரைப் பக்கம் நடந்து போய், 026 நம்பருக்கு அடிச்சன். அக்கா எடுத்தா. "என்ன சொல்றது தம்பி?" எண்டு கேட்டா. அந்த ஐயாவுக்குச் சொன்னதையே சொல்லுங்க எண்டன்.

"சாப்பிட்டிட்டு வராதீங்க ஐயா."

திரும்பச் சொல்லுங்க எண்டன். திரும்பச் சொன்னா. பத்துத் தரம் சொல்ல வைச்சன், பத்துத் தரமும் ‘ரா’வும் ‘தீ’யும் முழுசா வந்தது. பிறகு உள்ள வந்து கணக்கைப் பாத்தன், பைபர் போர்ட்டில 46 ஏறியிருந்தது, முதல் வரிசையில விழுந்தது 0, கொப்பி போன வரிசையில மட்டும் விழுந்திருந்தது.

இப்ப எந்த இடத்தில போன் போர்ட் போட்டாலும் கையெழுத்து வாங்க முன்னம் இதைத்தான் செய்றனான், பெரிய பைல் ஒண்டை ஓட விட்டிட்டு அங்க வேலை செய்ற ஆளையே கதைக்கச் சொல்லி வெளியால நிண்டு கேக்கிறது, ‘வராதீங்க’, ‘குடிக்காதீங்க’, ‘போடாதீங்க’ மூண்டும் கட்டாயம். அந்த ஐயா அடுத்த கிழமை வந்தவராம், வெறும் வயித்தோட. ரத்தம் எடுத்த கையோட அக்கா பிளேன்ரீயும் பணிஸும் வாங்கிக் குடுத்தனுப்பினவவாம்.